தோல் பதனிடுபவரின் மகன் கற்ற அறபு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அறபுக் கலாசாலைகளில் ஓதியவர்களுக்குத் தறபா என்ற கவிஞரின் பெயர் புதியதன்று. ஜாஹிலிய்யாக் காலத்து ஏழு பெருங் கஸீதாக்களுள், அதாவது முஅல்லகாத்துகளுள், ஒன்றைப் பாடியவர் அவர். தமது ஒட்டகத்தை அங்கம் அங்கமாக வருணித்துச் செல்லும் அந்தக் கஸீதாவைப் பாடம் பண்ணுவதற்குள் மாணவருக்கு மூச்சு வாங்கிவிடும். தறபா இளவயதிலேயே மாண்டார். அவரது மரணத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஹீறா மன்னன் அவர் கையில் முத்திரையிட்ட கடிதமொன்றைக் கொடுத்து பஹ்ரைன் ஆளுநரிடம் அனுப்பினானாம். உடன் சென்ற தாய்மாமன் முதலம்மிஸ் தம்மிடம் தரப்பட்ட கடிதத்தைப் பிரித்து வாசிப்பித்துப் பார்த்தார். இதனைக் கொண்டு வருபவனைக் கொன்றுவிடு என்றிருந்தது. அதை நீரில் எறிந்துவிட்டுத் தப்பிவிட்டார். தறபாவோ முத்திரையை உடைக்க மறுத்துத் தமது சாவைத் தாமே சுமந்து சென்றார்.

இந்தத் தறபாவின் முஅல்லகா 1742 ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்தின் லெய்டன் நகரிலே, அறபு மூலத்தோடும் அந்நஹ்ஹாஸ் என்ற பழைய உரையாசிரியரின் உரையோடும் லத்தீன் மொழிபெயர்ப்போடும் அச்சேறியது. சேர் வில்லியம் ஜோன்ஸ் ஏழு முஅல்லகாத்துகளையும் ஆங்கிலத்தில் தந்து புகழ் பெறுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இது நடந்தது. பதிப்பித்தவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவர் அறபுநாடு எதனையும் தமது வாழ்நாளில் கண்டவரல்லர். அவரது பெயர் யோகான் யாக்கோப் ரைஸ்கே.

ஜேர்மானியக் கீழைத்தேயவியலாளர் என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவன புறொக்கல்மன், நோல்டெக்கே போன்ற பெயர்களே. அவர்களெல்லாம் பல்கலைக்கழக ஆசனத்தில் அமர்ந்து, நூலகங்களின் கதவுகள் திறந்திருக்கப் பணியாற்றியவர்கள். ரைஸ்கே அவர்களுக்கு நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் முந்தியவர். அவருக்கு ஆசனமும் இருக்கவில்லை. கதவும் இலகுவில் திறக்கவில்லை. ஆனால் அறபு இலக்கியத்தை அதன் பொருட்டே கற்க வேண்டும், வேறெதற்கும் ஏவலாளாக அதனை நடத்தக்கூடாது என்று ஐரோப்பாவில் உரத்துச் சொன்னவர்களுள் அவர் முதன்மையானவர். அப்படிச் சொன்னதற்காக அவர் கொடுத்த விலை என்ன என்பதே இன்றைய உரையின் பொருள்.

ரைஸ்கே 1716 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆந் திகதி, சக்ஸனி நாட்டின் ஸோர்பிக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. பையன் ஹாலே நகரில் ஃபிராங்கே பாதிரியார் நிறுவிய அநாதைச்சாலைப் பாடசாலையில் சேர்க்கப்பட்டான். இந்த ஹாலே தமிழருக்கும் வேண்டிய ஊர்தான். 1706 இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு அங்கு கற்றவர். அவரது அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகள் அங்கேதான் வார்க்கப்பட்டு 1713 இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன.

1733 இல் ரைஸ்கே லைப்ஸிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்த ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்த பணம் இருநூறு தாலர். கிரேக்கத்தைத் தாமாகவே கற்க முயன்றார். இலக்கண அடித்தளம் போதாமையால் அது கைகூடவில்லை. அதனை ஒருபுறம் வைத்துவிட்டு அறபில் இறங்கினார். ஏன் அறபு என்று கேட்டால் விடை சொல்லுவது கடினம். குடும்பத்திலோ ஊரிலோ அம்மொழிக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அறபு கற்றவனுக்கு உத்தியோகம் காத்திருக்கவும் இல்லை. வயிற்றிலிருந்து மிச்சம் பிடித்த காசெல்லாம் அறபு நூல்களாயிற்று. அந்நாளில் ஐரோப்பாவில் அச்சாகியிருந்த அறபு நூல்கள் மிகச் சில. ஏர்பேனியுஸ் 1613 இல் எழுதிய இலக்கணமும், கோலியுஸ் 1653 இல் வெளியிட்ட அகராதியும் கற்பவரின் இரு ஊன்றுகோல்கள். அச்சில் உள்ளவற்றை முடித்ததும் ரைஸ்கேயின் பசி கையெழுத்துப் பிரதிகளின் மேல் திரும்பியது.

1737 இல், இருபது வயதில், ஹரீரியின் மகாமாத்தில் இருபத்தாறாவதான 'ரக்தா'வை லைப்ஸிக்கிலேயே அச்சிட்டார். இந்த மகாமாவில் ஒரு வித்தை உண்டு. அதில் வரும் நிருபமொன்றில் புள்ளியுள்ள எழுத்தும் புள்ளியில்லாத எழுத்தும் மாறிமாறி வரும். நமது சித்திரகவிகளில் இதழ் ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஹரீரியோடு தொடங்கிய ரைஸ்கே பின்னாளில் அந்த ஹரீரியை வெறும் இலக்கணப் பண்டிதர் என்று ஒதுக்கிவிட்டார். சொல் விளையாட்டு அவரைக் கட்டிவைக்கவில்லை. அவர் தேடியது வேறு.

லெய்டன் நகரில் அவர் தேடியது இருந்தது. ஒல்லாந்தின் தூதராக இஸ்தான்புலில் வாழ்ந்து 1665 இல் மறைந்த லெவினுஸ் வார்னர் என்பவர் சுமார் ஆயிரம் கீழைத்தேயக் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பெரும் நூலறிஞரான ஹாஜி கலீபா 1657 இல் காலமானபின் அவரது நூலகத்திலிருந்து வாங்கியவையும் அவற்றுள் இருந்தன. இலங்கையின் கரையோரங்களை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தர் கறுவாவை மட்டும் கொண்டு போகவில்லை. ஏடுகளையும் பல திசைகளிலிருந்து கொண்டு சென்றார்கள்.

1738 மார்ச்சில் ரைஸ்கே லைப்ஸிக்கிலிருந்து கால்நடையாக ஹம்பேர்க்குக்குப் புறப்பட்டார். கையில் காசில்லை, மனதில் மட்டும் மகிழ்ச்சி. ஹம்பேர்க்கில் வொல்ஃப் என்னும் எபிரேய அறிஞர் சிறிது பணமும் அறிமுகக் கடிதங்களும் கொடுத்துதவினார். அங்கிருந்து கப்பலேறி அம்ஸ்டர்டாம் சேர்ந்தார். அங்கே டோர்வில் என்ற செல்வந்த அறிஞர், தம்மிடம் எழுத்தராக இருந்தால் ஆண்டுக்கு அறுநூறு கில்டர் தருவதாகச் சொன்னார். ஐந்து ஆண்டுகளை இருநூறு தாலரில் ஓட்டிய இளைஞனுக்கு அது எத்தகைய தொகை! ரைஸ்கே மறுத்துவிட்டார். தாராளமான சம்பளம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் தமக்கு வேண்டியது பணமல்ல, ஏடுகள் என்பது அவரது எண்ணம்.

ஜூன் 6 ஆந் திகதி லெய்டனை அடைந்தபோது தவணை முடிந்து விரிவுரைகள் நின்றுபோயிருந்தன. ஏடுகளைப் பார்க்கவும் அனுமதியில்லை. நூற்றுக்கணக்கான மைல்கள் வந்தவன் வாசலில் நிற்கிறான். டோர்விலும், லெய்டனில் அறபுப் பேராசிரியராயிருந்த ஆல்பேர்ட் ஸ்கூல்தென்ஸும் கைகொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அச்சகங்களுக்குப் புரூப் பார்ப்பதுமாக ரைஸ்கே வயிற்றைக் கழுவினார். ஸ்கூல்தென்ஸ் மூலம் ஏடுகள் கைக்கு வரத் தொடங்கின. யாருமறியாமல் வீட்டுக்குக் கொண்டு செல்லவுங்கூட விட்டார்கள். காலப்போக்கில் முழுச் சேகரத்தையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு கோடைகாலம் முழுவதும் உட்கார்ந்து அச் சேகரத்துக்கு அவர் புதிதாக அட்டவணை தயாரித்தார். அதற்கு நிருவாகிகள் கொடுத்த சன்மானம் ஒன்பது கில்டர்.

அக்கால அறபு ஏடொன்றைப் படிப்பது என்றால் என்ன என்பதை இங்கு சற்று நின்று பார்க்க வேண்டும். அறபு எழுத்தில் பே, தே, தே-முக்கற்றை, நூன், யே ஆகியவை சொல்லின் நடுவில் ஒரே உருவமுடையவை. புள்ளிகளே அவற்றைப் பிரித்துக் காட்டும். எழுதியவர் அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டால் ஒரு சொல்லைப் பலவாறாக வாசிக்கலாம். உயிர்க்குறிகளோ பெரும்பாலும் எழுதப்படுவதேயில்லை. புள்ளியில்லாத நமது ஓலைச்சுவடிகளைப் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கவிதையானால் யாப்பு ஓரளவு வழிகாட்டும். ஆயினும் பாலைவன வாழ்க்கையின் பொருட்கள், குலங்கள், கிணறுகள், ஒட்டகத்தின் வயதுக்கேற்ற பெயர்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ரைஸ்கேயின் அருகில் கேட்டறிய அறபியர் ஒருவரும் இல்லை. ஒரு கவிஞரை மற்றொரு கவிஞரைக் கொண்டும், மூலத்தைப் பழைய உரையைக் கொண்டும் விளங்கிக்கொள்வதே அவர் கண்ட வழி. தறபாவின் பதிப்பு அந்த முறையில் எழுந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் அறபுக் கவிதைக்குள்ளேயே தேடு, எபிரேயத்துக்கு ஓடாதே. இன்று இது சாதாரணம். அன்று இது கலகம்.

ஏனென்றால் அந்நாளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அறபுக்கு இடம் கிடைத்ததே வேத ஆராய்ச்சியின் தயவினால்தான். எபிரேய மொழியிலுள்ள பழைய ஏற்பாட்டில் பொருள் விளங்காத சொற்கள் உண்டு. அறபு எபிரேயத்தின் உறவுமொழி. ஆகவே அறபு வேர்ச்சொல்லைக் கொண்டு எபிரேயச் சொல்லை விளக்கலாம் என்பது கொள்கை. அதன் பெருந்தலைவர் வேறு யாருமல்லர், ரைஸ்கேயின் ஆசான் ஸ்கூல்தென்ஸ்தான். இந்த ஏற்பாட்டில் அறபு வீட்டுக்காரியல்ல. அடுத்த வீட்டு அடுப்புக்கு விறகு சுமக்கும் வேலைக்காரி. எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகால வரலாறும் புவியியலும் மருத்துவமும் கவிதையும் பூட்டிக் கிடக்க, வேர்ச்சொற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு போவதா என்று ரைஸ்கே கேட்டார். ஆசானின் முகத்துக்கு நேரேயே குறை சொன்னார். ஸ்கூல்தென்ஸ் பின்னர் பழையபடி அவரிடம் நெருங்கவில்லை. எனினும் அவர் தம்மோடு எப்போதும் கண்ணியமாகவே நடந்தார் என்று ரைஸ்கே எழுதிவைத்திருப்பது இருவருக்கும் பெருமை.

மற்றொரு சங்கடத்தை அவர் தாமே வரவழைத்தார். பேர்மன் என்ற பெரும் பண்டிதர் பதிப்பித்த பெத்ரோனியுஸ் என்னும் லத்தீன் நூலின் இரண்டாம் பதிப்புக்குப் புரூப் பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. பார்த்தவர் சும்மா இருக்காமல் தமக்குச் சரியென்று பட்ட பாடதிருத்தங்களை மூலத்திலேயே புகுத்திவிட்டார்! புரூப் பார்ப்பவன் பதிப்பாசிரியனாக மாறினால் யார்தான் பொறுப்பார்? இதில் ரைஸ்கேயின் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆதரித்தவர்கள் விலகினார்கள். ஒல்லாந்தில் பேராசிரியராகும் வாய்ப்பும் அதோடு போயிற்று. டோர்வில் மட்டும் சீக்கிரமே திரும்பி வந்தார். காரணம், ரைஸ்கே செய்து கொடுக்கும் வேலையைத் தமது நடையில் மெருகிட்டுத் தமது பெயரில் வெளியிட்டு வந்தவர் அவர். இவரின்றி அவருக்கு ஆகாது.

ஸ்கூல்தென்ஸின் ஆலோசனைப்படி 1742 முதல் ரைஸ்கே மருத்துவம் படித்தார். 1746 இல் பட்டம் பெறும் வேளையில் இறையியல் பீடத்தார் குறுக்கே நின்றனர். அவரது ஆய்வுக்கூற்றுகள் சிலவற்றில் உலகாயத வாடை அடிக்கிறதாம். பரீட்சைக் கட்டணத்தை விலக்கிக் கொடுத்ததும், இந்தத் தடையைத் தகர்த்ததும் அதே ஸ்கூல்தென்ஸ்தான். அவ்வாண்டு ஜூன் 10 இல் ரைஸ்கே ஒல்லாந்தைவிட்டு லைப்ஸிக் திரும்பினார். அங்கே வைத்தியம் பார்த்துப் பிழைக்கலாம் என்பது நம்பிக்கை. கூச்சமும் செருக்கும் ஒருங்கே உடைய மனிதரிடம் எந்த நோயாளி வருவான்? லைப்ஸிக்கில் பட்டம் பெறாதவர் என்பதால் உள்ளூர் வைத்தியர்களும் சிபாரிசு செய்யவில்லை.

1747 இல், கல்வியிற் சிறந்த, கற்றோரைப் புரந்த முஸ்லிம் மன்னர்களைப் பற்றி ஆய்வுரை ஒன்றை அவர் வெளியிட்டார். நமக்கு நெஞ்சில் நிற்க வேண்டிய நூல் இது. துருக்கிய வாளின் நினைவு ஐரோப்பாவில் இன்னும் ஆறாத காலத்தில், முஸ்லிம் அரசர்களின் நூற்காதலை எழுதப் புகுந்தார் ஒருவர். சக்ஸனி இளவரசருக்கு அறபு மொழியில் சமர்ப்பணம் ஒன்றும் எழுதினார். அதன் பயனாகப் பேராசிரியர் என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் மட்டுந்தான். கலைப்பீடமும் அவரைச் சேர்க்கவில்லை, மருத்துவப்பீடமும் சேர்க்கவில்லை. ஒரு தொடர் விரிவுரைதானும் அவர் ஆற்றியதில்லை. எர்னெஸ்டி என்ற செல்வாக்குள்ள பேராசிரியர் வெளியில் நண்பராயும் உள்ளுக்குள் தடையாயும் இருந்தார். ரைஸ்கேயும் இலேசுப்பட்டவரல்லர். நூல்களுக்கு எழுதிய மதிப்புரைகளில் யாரையும் தப்பவிடவில்லை. பகை தானாக வளர்ந்தது.

அதே 1747 இல் இன்னொன்றும் எழுதினார். ஹாஜி கலீபாவின் காலவரிசை நூலுக்கு அறிமுகமாக அமைந்த அது, அச்சாக 1766 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இஸ்லாமிய வரலாறு உலக வரலாற்றின் பிரிக்கமுடியாத பகுதி என்று அதில் வாதித்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றமும் அவர்களது மார்க்கத்தின் வெற்றியும் மனித அறிவால் அளந்துவிட முடியாத நிகழ்ச்சிகள். அவற்றில் இறைவனின் வழிநடத்தல் தெரிகிறது என்பது அவரது கருத்து. சொன்னவர் கிறிஸ்தவர். அதுவும் நாயகத்தை வஞ்சகர் என்று எழுதுவதே கற்றோர் மரபாயிருந்த நூற்றாண்டில் சொன்னார். அவர் இஸ்லாத்துக்கு வந்துவிட்டார் என்று நாம் அவசரப்பட்டு உரிமை கொண்டாட வேண்டியதில்லை. நேர்மையான வரலாற்றாசிரியராக இருந்தார், அதுவே பெரிது.

1757 இல், அறபு இலக்கியத்துக்கு எவ்வாறு கைகொடுத்து உதவலாம், உதவவேண்டும் என்று ஜேர்மன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அதனை இறையியலாக நடத்துவதை விட்டுவிடவேண்டும் என்பதே அவரது முதல் வற்புறுத்தல். வரலாறு, புவியியல், மருத்துவம் போன்ற துறைகளின் நூல்களை அச்சேற்றுங்கள் என்றார். கேட்பார் குறைவு.

தாமே அச்சேற்றவும் முயன்றார். ஹமா நகரை ஆண்ட ஐயூபிய இளவரசர் அபுல் ஃபிதா (1273–1331) எழுதிய உலக வரலாற்றை லெய்டன் ஏட்டிலிருந்து பிரதி செய்து வைத்திருந்தார். அதன் லத்தீன் மொழிபெயர்ப்பின் முதற்பகுதியை 1754 இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். வாங்குவாரில்லை. தொடரவும் வழியில்லை. அப்படியும் அடுத்த பெரிய நூலைச் சொந்தச் செலவில் அச்சிடும் பழக்கத்தை அவர் விடவில்லை. நாளைக்கு என்ன என்ற எண்ணமே அவரிடம் இருந்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகள், 1746 முதல் 1758 வரை, புத்தகக் கடைக்காரர்களுக்கு மொழிபெயர்த்தும் அட்டவணை எழுதியும் புரூப் பார்த்தும் கழிந்தன. லைப்ஸிக்கில் இந்த வேலைக்குக் கூலி லெய்டனை விடக் குறைவு.

இந்த வறுமைக்கு நடுவில் அவர் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஊரிலிருந்த முதிய தாயாருக்கு ஆண்டுதோறும் ஒரு தோலை வாங்கி அனுப்புவார். தாயார் அதைத் துண்டு துண்டாகச் சில்லறைக்கு விற்று வாழ்ந்தார். மகன் அபுல் ஃபிதாவுக்கு லத்தீனில் உரை எழுதிக்கொண்டிருந்தான். தாய் தோல் விற்றுக்கொண்டிருந்தாள். தம்மை அறபு இலக்கியத்தின் ஷஹீத், அதற்காக உயிரைக் கொடுத்தவன் என்று அவர் தாமே குறிப்பிட்டது பலராலும் எடுத்துச் சொல்லப்படுவது. சற்று மிகையான சொல்தான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

1758 இல் லைப்ஸிக் நகரசபையினர் அவரைப் புனித நிக்கொலாய் பாடசாலையின் அதிபராக நியமித்தனர். நாற்பத்தோராவது வயதில் முதன்முறையாக நிலையான சம்பளம்! 1764 இல் எர்னெஸ்டினே மியுல்லர் என்ற பெண்மணியை மணந்தார். மணமகனுக்கு நாற்பத்தேழு, மணமகளுக்கு இருபத்தொன்பது. கணவரின் வேலைக்கு உதவும்பொருட்டே எர்னெஸ்டினே கிரேக்கமும் லத்தீனும் கற்றார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் அளவுக்குத் தேறினார். டெமொஸ்தெனிஸ் முதலான கிரேக்க நாவலர்களின் பேச்சுகளை ரைஸ்கே பதிப்பிக்க முனைந்தபோது அச்சுக்கூலிக்குப் பணம் போதவில்லை. தமது நகைகளைக் கொடுத்து உதவியவர் மனைவியார். அந்தப் பதிப்பின் முதல் தொகுதியில் ரைஸ்கே தமது உருவப்படத்துக்குப் பக்கத்தில் மனைவியின் படத்தையும் அச்சிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் பண்டித உலகில் இது கண்டறியாத காட்சி.

திருமணமான மறு ஆண்டு, 1765 இல், அல் முதனப்பியின் காதற் கவிதைகளிலும் இரங்கற் கவிதைகளிலும் சிலவற்றை அறபு மூலத்தோடும் ஜேர்மன் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டார். வாளையும் குதிரையையும் தம் பெருமையையும் பாடுபவராகவே முதனப்பியை அறிந்திருக்கும் நமக்கு இத் தெரிவு சற்று வியப்பளிக்கும். கவிதையைக் கவிதைக்காக ரைஸ்கே நேசிக்கவில்லை என்றும், வரலாற்றுச் செய்திகளுக்காகவே கவிஞர்களையும் உரைகளையும் துருவினார் என்றும் அறிஞர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் உண்மையே. உமையாக் காலக் கவிஞரான ஜரீரின் கவிதைகளுக்கமைந்த பழைய உரையைப் படித்தபோது, அக்காலத்து இராக்கில் பௌத்தக் கொள்கையும் துறவும் பரவியிருந்தமைக்கான குறிப்பொன்றைக் கண்டெடுத்தவர் அவர். கவிதை இன்பத்தில் மயங்கியவர் கண்ணில் அது பட்டிராது. ஆயினும் அந்த முதனப்பி நூலைப் பார்க்கும்போது, வரலாறு தேடியவரின் மனத்தில் வேறொரு மூலையும் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

அவர் கூறியதெல்லாம் நிலைத்துவிடவில்லை. அல்குர்ஆனில் ஸபா அத்தியாயத்தில் வரும் அணை உடைப்பு, அதாவது யெமனின் மஃரிப் அணை உடைந்த நிகழ்ச்சி, எக்காலத்தது என்று 1748 இல் அவர் கணித்தெழுதியது பிழையென்று பின்வந்தோர் கண்டனர். ஆனால் யெமனின் தொல்பழங் கஸீதாக்கள் என்று சொல்லப்பட்டவற்றின் பழைமையில் ஸ்கூல்தென்ஸ் மயங்கியபோது ரைஸ்கே மயங்கவில்லை. பழைய முஸ்லிம் காசுகளைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் மறைவுக்குப் பின்னர் வெளிவந்தன. அந்தத் துறைக்கே அவை அத்திவாரம் என்று பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் சில்வெஸ்தர் டி சாசி மதிப்பிட்டார். அறபு நாடுகளில் நேரிற் பயணஞ் செய்து திரும்பிய கார்ஸ்டன் நீபூரும் ரைஸ்கேயைப் பெரிதும் மதித்தார்.

கடைசிப் பத்தாண்டுகளில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் லெஸ்ஸிங். சுல்தான் ஸலாஹுத்தீனை ஐரோப்பிய மேடையில் மதிப்போடு நிறுத்திய 'ஞானி நாத்தான்' நாடகத்தை 1779 இல் வெளியிட்ட அதே லெஸ்ஸிங்தான். ரைஸ்கே 1774 ஆகஸ்ட் 14 ஆந் திகதி லைப்ஸிக்கில் காலமானார். ஐம்பத்தேழு வயது. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் வீடு நிறையக் கிடந்தன. விதவையான எர்னெஸ்டினே அவற்றைச் சிதறவிடவில்லை. கிரேக்க நாவலர்களின் எஞ்சிய தொகுதிகளை முடித்து வெளியிட்டார். கணவர் எழுதிவைத்திருந்த சுயசரிதத்தை 1783 இல் அச்சிட்டார். ரைஸ்கேயின் பசியையும் பகையையும் பயணத்தையும் இன்று நாம் அறிவது பெரும்பாலும் அந்நூலால்தான்.

ரைஸ்கேக்கு ஆசனம் மறுத்த லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் 1835 இல் ஃபிளைஷர் என்பவர் கீழைத்தேய மொழிகளுக்குப் பேராசிரியரானார். அவர் 1888 இல் மறையும்வரை பல நாட்டு மாணவர்கள் அறபு படிக்க லைப்ஸிக்கை நாடி வந்தார்கள். அவர்களுக்கு அறபு எபிரேயத்தின் கைத்தடியாகக் கற்பிக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ரைஸ்கேயின் புகழை மீட்டவர் யோகான் ஃபியூக். 1930 முதல் 1935 வரை டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து, பின்னர் ஹாலேயில் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஐரோப்பாவில் அறபுக் கல்வியின் வரலாற்றை 1955 இல் அவர் எழுதியபோது ரைஸ்கேக்குத் தனியிடம் ஒதுக்கினார்.

அபுல் ஃபிதாவின் கதை என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். எர்னெஸ்டினே கணவரின் அறபுப் பிரதிகளை லெஸ்ஸிங்கிடம் ஒப்படைத்தார். லெஸ்ஸிங் மூலம் அவை சூம் என்ற டென்மார்க் வரலாற்றறிஞரின் கைக்குச் சென்றன. சூம் பணம் கொடுக்க, ஆட்லர் என்பவர் ஒழுங்குபடுத்த, 1789 முதல் கொப்பன்ஹேகன் நகரில் ஐந்து பெருந் தொகுதிகளாக அது வெளிவந்தது. அறபு மூலமும் இருந்தது. ரைஸ்கேயின் லத்தீனும் இருந்தது. 1754 இல் விலைபோகாத அந்த உழைப்பின் குறிப்புரைகளும் முழுமையாக இருந்தன. எர்னெஸ்டினே 1798 வரை வாழ்ந்தார். ரைஸ்கே கைப்பட எழுதிய அந்த ஏடுகள் கொப்பன்ஹேகன் நூலகத்தைச் சேர்ந்தன.